நாலு மணிக்கு வெயில் தாழ்வதில்லை

“வெயில் தாழ்ந்துதான் போனோம்.” கடற்கரைக்குப் போய்விட்டு மறுநாள் என் பார்மசிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இங்கே பினாங்கில், பத்து ஃபிரிங்கி கடற்கரை மணலில் சுற்றுலாப் பயணிகள் படுத்து வெயில் காய்வார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாலு மணிக்குப் பிள்ளைகளோடு கடலில் இறங்கி, இருட்டும் வரை ஆடுவோம். அப்படியும் தோள் சிவந்து கன்றி, சட்டை பட்டாலே துடிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

காரணம், பினாங்கில் கடிகாரம் சூரியனைவிட வேகமாகப் போகிறது. 1982 ஜனவரி 1 அன்று கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன்பும் அது முந்தித்தான் ஓடியது. அதனால் இங்கே உச்சிவெயில் ஒன்றேகால் மணி வாக்கில்தான். நாலு மணி என்பது சூரியக் கணக்கில் இரண்டே முக்கால்! கடல்காற்றில் சூடு உறைக்காது. ஆனால் தோலைக் கன்றவைப்பது புற ஊதாக் கதிர்; அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் தெரியாது. லேசான மோடத்தையும் தாண்டி வரும்.

மணியைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் இன்னும் தாழவில்லை. மார்ச், ஏப்ரலில் நாலு மணிக்கும் அப்படித்தான் இருக்கும்.

“நம்ம கருப்புத் தோலுக்கு என்ன ஆகும்?” என்று கேட்பார்கள். சீக்கிரம் கன்றாது, சரி. ஆனால் மங்கு நம் தோலில்தான் அழுத்தமாக விழும். கன்னத்தில் மங்கு விழுந்த அக்காமார் வெளுக்கிற கிரீம் கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். பதிவு எண் இல்லாத டப்பாக்களில் பாதரசம் கலந்தவை இருக்கின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். வெயிலைத் தடுக்காமல் எந்தக் கிரீம் பூசினாலும் மங்கு திரும்ப வரும்.

அப்புறம், மருந்து சாப்பிடுகிறவர்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் வெயில் பட்டால் தோலை எளிதில் எரியவைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கடலுக்குப் போகுமுன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் பொட்டளவு போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் காணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து ஏறித் துடைத்ததும் இன்னொரு தடவை பூசுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அது வேண்டாம், நிழலில் வைத்திருங்கள்.