நாவலில் முத்தத்தைத் தேடும் பெற்றோருக்கு

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. பெற்றோர் கொண்டுவரும் புகார்களில் மதிப்பெண்ணுக்கும் கைபேசிக்கும் அடுத்தபடியாக அடிக்கடி அடிபடுவது காதல் நாவல். "எந்நேரமும் இந்தக் கதைப் புத்தகந்தான் மேடம். இதப் படிச்சுப் படிச்சுத்தான் மனசு கெட்டுப்போகுது" என்பார்கள். முத்தக் காட்சி எந்தப் பக்கத்தில் வருகிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். கதையில் அந்தப் பெண்ணின் வீடு எப்படிப்பட்டது என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஒரு தாய், மகளிடமிருந்து பிடுங்கிய நாவலை என் மேசைமேல் வைத்தார். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) புரட்டிப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் பென்சில் கோடு. அப்பா வாசற்கதவில் சாவியைத் திருகும் வேகத்தை வைத்தே, இன்றைக்கு அவர் என்ன மனநிலையில் வருகிறார் என்று நாயகி கணிக்கும் இடம் அது. தாயிடம் அதைக் காட்டவில்லை. மகள் போட்ட கோடு, மகளுக்குச் சொந்தம். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது, "இந்தக் கதையில வர்ற பொண்ணு ஏன் எப்பவும் சாவிச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். நாயகியைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். நடுவில் எப்போதோ, பேச்சு அவளுடைய வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, நானும் காட்டிக்கொள்ளவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: பிள்ளை இப்படிப்பட்ட நாவலில் மூழ்கிக் கிடந்தால், கதையில் உள்ள காதலைவிட, கதையில் உள்ள வீட்டைக் கவனியுங்கள். இளையோர் நாவல்களில் காதல் கதையை நகர்த்தும்; வலி பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும். குடிக்கும் அப்பா, எதற்கெடுத்தாலும் தன்னைத்தானே நொந்துகொள்ளும் அம்மா, பெற்றோரின் பிரிவு, மறுமணம், பேசாமலே வருடக்கணக்கில் ஓடும் சண்டை. சொந்த அம்மாவைக் குறை சொல்வது பிள்ளைக்குத் துரோகம் போல இருக்கும். கதையில் வரும் அம்மாவை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், யாருக்கும் வலிக்காது. வாசிப்பை மனநல உதவிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1916இலேயே ஆங்கிலத்தில் 'பிப்ளியோதெரபி' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. கதை தரும் இந்தப் பாதுகாப்பான இடைவெளியைத்தான் அது பயன்படுத்திக்கொள்கிறது.

இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாத்திரம், வயதுக்கு மீறிய பொறுப்புள்ள மூத்த பிள்ளை. தம்பிக்குச் சாப்பாடு கொடுக்கும், அம்மா அழுதால் தேற்றும், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தூது போகும். ஊரே "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று மெச்சும். எங்கள் துறையில் இதைப் பெற்றோரின் சுமையைப் பிள்ளை தூக்குவதாகத்தான் பார்க்கிறோம். வீட்டு வேலையில் உதவுவது வேறு. அம்மாவின் மனபாரத்தைக் கேட்டுக்கொள்ளும் ஒரே ஆளாக இருப்பது வேறு. இரண்டாவதில் வளரும் பிள்ளை, காதலிலும் அதே வேலையைத்தான் தேடிப் போகும். யாரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதோ, அவர்மேல்தான் ஈர்ப்பு வரும். நல்ல நாவலாசிரியர்கள் இந்தக் கண்ணியைப் பிடித்துவிடுவார்கள். சுமாரானவர்கள் அதையே தியாகம் என்று கொண்டாடுவார்கள்.

காதலன் வந்து வீட்டுத் துன்பத்திலிருந்து மீட்டுப்போவதாக முடியும் கதைகளில்தான் எனக்குக் கவலை. பதினேழு வயதுப் பையன் இன்னொருவரின் வீட்டை எப்படித் தாங்குவான்? அப்படித் தாங்கப் பார்த்த பையன்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வரும் அழைப்பை எடுக்காவிட்டால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே தூக்கத்தைத் தொலைத்தவர்கள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருப்பாள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தச் சத்தியத்தை மீறலாம், மீறத்தான் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

கண்காணிப்பைக் காதலாகக் காட்டும் கதைகளையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். 2005இல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற 'ட்வைலைட்' நாவலில், நாயகி தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து நாயகன் பார்த்துக்கொண்டிருப்பான். கதையில் அது காதலின் ஆழம். நிஜத்தில் ஒருவன் அப்படி வந்தால் என்ன செய்வாய் என்று பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் சட்டென்று சிரித்துவிடுவார்கள். அப்புறம், "ஆனா, அவன் என் போனோட பாஸ்வேர்ட் கேட்கிறான், அது தப்பா?" என்று ஒரு கேள்வி வரும். தடை போட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

எதிர்ப்பு இருந்தால்தான் அது உண்மைக் காதல் என்பது இந்தக் கதைகளின் இன்னொரு நம்பிக்கை. பெற்றோர் குறுக்கிட்டால் காதல் கூடுகிறது என்று 1972இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வில் சொன்னார்கள். ரோமியோ ஜூலியட் விளைவு என்றே அதற்குப் பெயரும் நிலைத்தது. 2014இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் ஏற்காத உறவில் அன்பும் பிடிப்பும் குறைவாகவே தெரிந்தன. உடனே "பாத்தீங்களா, எதிர்க்கலாம்" என்று பெற்றோர் கிளம்பிவிட வேண்டாம். அந்த ஆய்வுகள் பதின்வயதினரை வைத்துச் செய்தவை அல்ல. நான் பார்த்தவரை, கண்மூடித்தனமான எதிர்ப்பால் காதல் கூடுகிறதோ குறைகிறதோ, வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த உறவில் ஏதாவது தவறாகப் போனால் பிள்ளை வந்து சொல்ல ஆளில்லாமல் போகிறது.

முதல் காதல் முறிந்தால் உலகமே முடிந்தது போல ஏன் அழுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்பத்தையும் அங்கீகாரத்தையும் உணரும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் மிகக் கூர்மையாக இயங்கும். நிதானித்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். நடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

முறிவைச் சொல்லும் நாவல்களை நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். ஜூடி ப்ளூம் எழுதிய 'ஃபாரெவர்' 1975இல் வந்தது. காதலிக்கும் பிள்ளைகள் யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டாளாம், அதற்காக எழுதியது. அதில் முதல் காதல் முடிந்துபோகும், நாயகி அதற்குப் பிறகும் வாழ்வாள். அமெரிக்க நூலகங்களில் அதிகம் எதிர்க்கப்பட்ட புத்தகங்களில் அதுவும் ஒன்று. அதை எதிர்த்தவர்களும் முத்தத்தைத்தான், சரி, முத்தத்துக்கு மேலானதைத்தான் தேடினார்கள்.

என்னைக் கேட்டால், படுக்கையறைக் காட்சியைவிட அதிகக் கெடுதல் செய்வது கடைசி அத்தியாயத்தில் திருந்தும் அப்பா. இருபது வருடமாகக் கையோங்கியவர் ஒரு கடிதம் எழுதுவார், மகள் அழுவாள், கதை முடியும். அதைப் படித்த பிள்ளை தன் வீட்டிலும் அந்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும். போதாததற்கு, நான் இன்னும் நல்லவளாக இருந்தால் அவர் சீக்கிரம் திருந்துவார் என்று கணக்குப் போடும். அப்பா திருந்துவது அப்பாவின் பொறுப்பு என்று நேரடியாகச் சொல்லும் நாவல் கிடைத்தால் விடாதீர்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்? முதலில் பிடுங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். முடிந்தால் நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு "இது உன் கதையா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், அத்தோடு கதவு சாத்தப்படும். துணைப் பாத்திரத்திலிருந்து தொடங்குவது எளிது: "அந்தத் தோழி ஏன் எதையும் தட்டிக் கேட்கல?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வரும். கதையில் வரும் அம்மா உங்களைப் போலவே இருக்கிறார் என்று பிள்ளை சொன்னால் வாதாடாமல், எந்த இடத்தில் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பது லேசான காரியமில்லை.

அடி, பாலியல் தொல்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை பேச்சில் வந்தால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அப்போது நாயகியைப் பற்றிச் சுற்றி வளைக்காமல், "உனக்கு இப்படி நடக்குதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். சாக நினைக்கிறாயா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள், அதுவரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தொல்லை தருபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியரோ உறவினரோ குழந்தைகள் உதவி எண்ணோதான் முதல் வழி. இதை வாசிக்கும் பிள்ளைகளும் குறித்துக்கொள்ளலாம்: முதலில் சொன்ன பெரியவர் நம்பவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்லுங்கள்.