ஃபோர் வீல் போட்டதால் மட்டும் வண்டி நின்றுவிடாது

மேட்டுப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு, விடுமுறை நாளில் முன்சக்கரம் புகைய இறங்கி வரும் கார்கள் புதிதல்ல. இப்போது அந்த வரிசையில் புத்தம் புதிய ஃபோர் வீல் வண்டிகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. போன வாரம் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டி குன்னூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், மலைப்பக்க மண் திட்டில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே பேச்சில்லை. ஓட்டிவந்த தம்பி கேட்டதுதான் மனதை உறுத்துகிறது: "ஃபோர் வீல் போட்டுத்தானேண்ணா இறங்கினேன், அப்புறம் ஏன் நிக்கல?"

பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள். ஃபோர் வீல் என்பது இன்ஜின் இழுவையை நான்கு சக்கரத்துக்கும் அனுப்பும் ஏற்பாடு. சேற்றில், மணலில், ஈரப் புல்லில் நகர உதவும். பிரேக் எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஃபோர் வீலைப் போட்டதும் அது கூடிவிடாது. அதைவிட மோசம், காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டுவது. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரி வண்டிகளில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவிலோ முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போயாக வேண்டும். மண்ணாக இருந்தால் டயர் சறுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் அது நடக்காது; ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும்.

வாங்கப்போகிறவர்கள் அதிகம் கேட்பது மஹிந்திராவின் தார் ராக்ஸைப் பற்றி. 2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு வண்டி. நல்ல வண்டிதான். மூன்று கதவு தாரில் 2,450 மி.மீ. இருந்த வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், இதில் 2,850 ஆகியிருக்கிறது. பெரியவர்கள் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டியதில்லை. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. பாரத் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 ஸ்டார். டீசல் இழுவையில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் நீளம் கூடியதால் மேடு ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும் வாய்ப்பும் கூடியது. காட்டுப் பாதைக்கு மட்டும் என்றால் மூன்று கதவே மேல். பெட்ரோல் ராக்ஸில் ஃபோர் வீலே கிடையாது, பின்சக்கர இழுவை மட்டும். தோற்றத்தைப் பார்த்து பெட்ரோலை புக் செய்துவிட்டு, பிறகு வருத்தப்பட வேண்டாம். 650 மி.மீ. ஆழத் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்வது தேங்கிய நீரில் மெல்லப் போவதற்கான கணக்கு. ஓடும் வெள்ளம் அதைவிடக் குறைவாக இருந்தாலும் வண்டியைத் தள்ளும். உயரமான, லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் பாடியை வைத்த) வண்டி. வளைவில் கார் மாதிரி ஒட்டி ஓடாது. இறக்கத்தில் அந்த எடை முழுக்க பிரேக்கில்தான் விழும்.

குன்னூரிலிருந்து இங்கே ஏறக்குறைய 1,400 மீட்டர் இறக்கம். ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டுவிட்டு பிரேக்கில் கால் வைத்தபடி வருகிறீர்கள். பேட் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாகிவிடுகிறது. மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் வாருங்கள், இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் பட்டனை நம்பாதீர்கள், அதுவும் பிரேக்கைத்தான் பிடிக்கிறது. செங்குத்தான மண் சரிவில் ஊர்ந்து இறங்க வந்தது அது. நியூட்ரலில் உருட்டவே கூடாது.

கருகின வாடை வந்தால் இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும், விரிசல் விடவும் செய்யும். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும். பெடல் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதென்றால் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், பிரேக் பெடலைத் திரும்பத் திரும்ப விட்டு மிதியுங்கள், ஹேண்ட் பிரேக் லீவர் உள்ள வண்டியில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஆறிய பிறகு பெடல் சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், பிரேக் ஆயிலை மாற்றாமல் தயவுசெய்து அடுத்த மலைக்குப் போகாதீர்கள்.