யாரும் வாசிக்காத காந்தாரம்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பேரே கேள்விப்படாத ஒரு ராக் குழுவின் பாட்டு. மொத்தம் மூணே கார்டு. வரிகள் பாதி புரியல. ஆனா அந்தக் கிட்டார் உள்ளே வரச்சில கை முடி எழும்புது. இவ்வளவு எளிய பாட்டில் அப்படி என்ன இருக்கு?"

பாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. தேவையுமில்லை. இப்படிப்பட்ட பாடல்களில் பெரும்பாலானவற்றை ஒரே கட்டுமானம் தாங்கிக்கொண்டிருக்கிறது: ஒரு மின் கிட்டார், இரண்டே சுரம், நடுவில் ஒரு கத்தரி.

கம்பி அதிர்ந்தால் அடிப்படைச் சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கும். இது பள்ளியில் படித்ததுதான். கிட்டாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ் என்றால் 220, 330, 440 என்று அடுக்கு ஏறிக்கொண்டே போகும். கார்டு என்பது மூன்று சுரங்களின் கூட்டு: ச, க, ப. இதில் க, அதாவது காந்தாரம்தான் பாட்டின் உணர்வைத் தீர்மானிக்கிறது. உயர்ந்து நிற்கும் அந்தர காந்தாரம் என்றால் மலர்ச்சி, அரைப்படி தாழ்ந்த சாதாரண காந்தாரம் என்றால் சோகம் என்பது பொதுவான பழக்கம். ராக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் அந்தக் காந்தாரத்தையே தூக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது ச, ப. பழந்தமிழில் சொன்னால் குரலும் இளியும். இதைத்தான் பவர் கார்டு என்கிறார்கள். ஆள்காட்டி விரல் ஒரு கம்பியில், மோதிர விரல் அடுத்த கம்பியில் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) தள்ளி. மற்றக் கம்பிகள் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

சாதாரண மரக் கிட்டாரில் இந்த இரண்டு சுரத்தையும் வாசித்தால் ஒன்றும் நடக்காது. வெறுமையாகத்தான் இருக்கும். மின் கிட்டாரை, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் செருகினால் கதை வேறு.

பெடலுக்குள் இருப்பது ஒரு பெருக்கிச் சில்லும், எதிரெதிர் திசையில் வைத்த இரண்டு சிலிக்கான் டையோடுகளும். டையோடு சுமார் 0.6, 0.7 வோல்ட் வரை சும்மா இருக்கும். மின்னழுத்தம் அதற்கு மேல் ஏறப் பார்த்தால் கதவைத் திறந்து வடியவிட்டுவிடும். ஆகவே அலையின் முகடும் அகடும் தட்டையாகிவிடுகின்றன. கத்தரி என்று சொன்னது இதைத்தான்.

இப்போது ச-வுக்கு 110, ப-வுக்கு 165 என்ற இரண்டு அலைகள் ஒரே கம்பிவடத்தில் வருகின்றன. இரண்டின் முகடும் ஒன்றாகச் சேரும் கணத்தில் உயரம் எல்லை தாண்டும், வெட்டு ஆழமாக விழும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்திக்கும்போது ஒன்றையொன்று குறைத்துக்கொண்டு வெட்டுப்படாமல் தப்பிவிடும். முதல் அலை இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் மற்றது சரியாக மூன்று சுற்று முடிக்கும். பிறகு எல்லாம் முதலிலிருந்து. விநாடிக்கு எத்தனை தடவை? 55. அதாவது கத்தரி ஒரே வரிசையை விநாடிக்கு 55 முறை வெட்டுகிறது. வெட்டுவதற்கு முன்பும் அந்த அலைவடிவம் 55 முறை திரும்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 55-ல் துளி ஆற்றல்கூட இல்லை. வெட்டு விழுந்ததும் ஆற்றலின் ஒரு பங்கு இடம் மாறி, 55-க்கும் அதன் மடங்குகளுக்கும் போய்ச் சேர்கிறது.

55 ஹெர்ட்ஸ் என்பது கிட்டாரின் எந்தக் கம்பியிலும் இல்லாத சுரம். அதன் மிகத் தடித்த கம்பியே 82-ல்தான் தொடங்குகிறது. வாசித்த 'ச'வுக்கு ஒரு ஸ்தாயி கீழே, யாரும் மீட்டாத ஒரு மந்திர ஸ்தாயி 'ச' வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் ஸ்பீக்கர் சிறியது, 55-ஐ அதனால் தர முடியாது என்றாலும் பரவாயில்லை. 110, 165, 220 எல்லாம் 55-ன் மடங்குகள் என்பதைக் கண்டுகொண்டு மூளை வேரைத் தானே போட்டுக்கொள்ளும். தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கணிசமாக வெட்டியபோதும் அப்பாவின் குரல் கட்டைக் குரலாகவே கேட்டது இதனால்தான்.

என்னைப் பொறுத்தவரை இதைவிட அழகானது அடுத்தது. 55-ன் ஐந்தாம் மடங்கு 275. சுத்தமான ஒலியில் இது கிடையாது: ஒரு கம்பி 220, 330 என்று தாண்டிப் போகிறது, மற்றது 165, 330 என்று போகிறது. வெட்டிய ஒலியில் இருக்கிறது. 275 என்ன சுரம்? துல்லியமான அந்தர காந்தாரம்! வேண்டாம் என்று தூக்கிப் போட்ட காந்தாரம், கத்தரி போட்ட கூட்டலில் மெல்லிசாகத் திரும்பி வருகிறது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. ச, ப மட்டுமே சேர்த்த தம்புராவில் சுயம்பு காந்தாரம் தானாக எழுவதைப் பெரியவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். அங்கே கம்பி தங்கும் குதிரைமேல், கம்பிக்கு அடியில் செருகிய ஜீவா நூலை நகர்த்தி மேற்சுரங்களை எழுப்புகிறார்கள், இங்கே டையோடு. வழி வேறு, பிறக்கும் காந்தாரம் ஒன்றுதான்.

அப்படியானால் காந்தாரத்தையும் சேர்த்தே வாசித்தால் என்ன? கிட்டார் ஃப்ரெட்டில் காந்தாரம் இருப்பது 275-ன் பாதியான 137.5-ல் அல்ல, 138.6-ல். பன்னிரண்டு சுரத்தையும் சமமாகப் பங்கிட்டதன் விலை அது. ச-க வித்தியாசம் 28.6, க-ப வித்தியாசம் 26.2. இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசி விநாடிக்கு இரண்டுக்கு மேல் விம்மல்களை, அதாவது ஒலி கூடிக் குறையும் அலைப்பை, எழுப்பும். முழுக் கார்டு டிஸ்டார்ஷனில் கலங்கிய குளம்போல் கேட்பது அதனால்தான். பஞ்சமம் (ப) மட்டும் ஃப்ரெட்டில் ஏறக்குறைய சரியாக, 164.8-ல் விழுகிறது. ஆக, 'எளிமை' என்று நாம் சொல்வது சோம்பல் அல்ல. கத்தரிக்குக் கீழே கலங்காமல் நிற்கக்கூடிய கார்டு அது.

கிட்டார் காந்தாரத்தை விட்டுவிட்டதால் அந்த இடம் பாடகரின் குரலுக்குக் கிடைக்கிறது. மலர்ச்சியா, துக்கமா என்பதை ஒற்றைக் குரல் முடிவு செய்கிறது. குரல் சாதாரண காந்தாரத்தில் இறங்கும்போது, அடியில் மெல்லிசாக நிற்கும் அந்த அந்தர காந்தாரத்தோடு அது உரசுகிறது. வாசகரின் கை முடி எழும்பியதற்கு இந்த உரசலும் ஒரு காரணம் என்பது என் ஊகம். மீதியை மூளை பார்த்துக்கொள்கிறது: 2011-ல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இசையால் புல்லரிக்கும்போது மூளையில் டோபமைன் சுரப்பதை அளந்து காட்டினார்கள். உச்சத்துக்கு முன்பே, எதிர்பார்ப்பிலேயே மூளையின் வேறொரு பகுதியில் சுரப்பு தொடங்கிவிடுகிறது. மூன்றே கார்டு என்றால் அடுத்தது என்ன என்று இரண்டாம் சுற்றிலேயே தெரிந்துவிடும், எதிர்பார்க்க வசதி. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு வேகமெடுக்கும்போது கூட்டம் நிமிர்ந்து உட்கார்வதும் இந்த வகைதான்.

1964-ல் கிங்க்ஸ் என்ற லண்டன் குழுவின் முதல் இரண்டு இசைத்தட்டுகளும் விற்கவில்லை. குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளைச் சவர பிளேடால் கீறினார். கிழிந்த தாள் கரகரத்தது. அதில் வாசித்த பவர் கார்டுகளோடு வந்த மூன்றாவது இசைத்தட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

இந்தக் கரகரப்பைப் 'பிசாசின் சத்தம்' என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு, பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயமும்கூட. சில ரூபாய் டையோடு செய்கிற வேலை அது. ஒரு அலைவுகாட்டி (ஆசிலோஸ்கோப்) இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். சுசீந்திரத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத் தூண்கள் இருக்கும் குமரி மாவட்டம் இது. ஒலியியலுக்கு என்று ஒரு நல்ல ஆய்வுக்கூடம் இங்கே வேண்டும், அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும்.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு: ஒலியில் எந்தெந்த ஹெர்ட்ஸ் இருக்கிறது என்று காட்டும் இலவச ஸ்பெக்ட்ரம் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் கம்பியைத் திறந்தபடியும், நான்காம் கம்பியை இரண்டாம் ஃப்ரெட்டிலும் வாசியுங்கள். முதலில் பெடல் இல்லாமல்: 110, 165, 220, 330 தெரியும், 275 இருக்கும் இடம் காலி. பெடலை மிதித்ததும் 275-லும் 385-லும் புதிய முனைகள் எழும். 55-ஐத் தேடாதீர்கள், கைப்பேசி மைக்குகளில் பல அதைப் பிடிக்காது.

விம்மல் வேகமாகக் கேட்டால் சுருதி விலகியிருக்கிறது. பஞ்சமம் 1 ஹெர்ட்ஸ் விலகினாலே 330-ஐ ஒட்டி விநாடிக்கு இரண்டு விம்மல் வரும், பெடல் அதை இன்னும் துருத்திக் காட்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை: உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறுவதால் மேற்சுரங்கள் மடங்குகளை விட்டு விலகிப்போகும். எவ்வளவு முறுக்கினாலும் சுருதி சேராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், துருவைக் கண்டால் கம்பியை மாற்றுங்கள். விடாமல் 'ம்ம்' என்று ஒரு உறுமல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரம். டியூப்லைட் சோக்கிடமிருந்து கிட்டாரைத் தள்ளி வைத்து, பெடலின் கெயினை (பெருக்கும் அளவை) பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

ஆலயப் பாடகர் குழுக்களில் இரண்டு கிட்டார்காரர்கள், 'நீ ச, நான் ப' என்று பங்கிட்டுத் தனித்தனி பெடலில் வாசிப்பதுண்டு. சத்தம் எவ்வளவு கூட்டினாலும் அது உள்ளீடற்றுத்தான் ஒலிக்கும். இரண்டு சுரமும் ஒரே கத்தரிக்குள் போனால்தான் 275 பிறக்கும். செயலியில் பாருங்கள், அந்த இடம் காலியாகவே இருக்கும்.