வீட்டைப் புரட்ட முடியுமா?

தமிழ்க் கடையில் மீன் வெட்டித் தரும்வரை நிற்கும்போது கையில் கிடைத்த துண்டுப்பிரசுரம் இப்படிக் கேட்டது: “போட்டி நிறைந்த சந்தையில் புரட்டுவதற்கேற்ற வீடுகளைக் கண்டறிவது எப்படி?” போன மாதம்தான் ஒரு வரி விளக்கத்தாளில் ‘புரட்டப்பட்ட சொத்து’ என்று பார்த்தேன். அதை வாசித்த மாமி கேட்டது, “ஆர் கள்ளக் காணி உறுதி முடிச்சது?”

மாமியில் பிழையில்லை. வீட்டை வாங்கி, பெரும்பாலும் பழுதுபார்த்துத் திருத்தி, சீக்கிரமே லாபத்துக்கு விற்பதை ஆங்கிலத்தில் ‘ஃபிளிப்’ என்பார்கள்; அதைத்தான் இப்படிப் ‘புரட்டி’ வைத்திருக்கிறார்கள். அந்த ‘ஃபிளிப்’, விரலால் சுண்டுவதைக் குறித்த ‘ஃபிலிப்’ என்ற சொல்லோடு தொடர்புடையது என்பார்கள். நாணயத்தைச் சுண்டுகிறோமே, அதுதான். சரி, அதற்காகத் தமிழில் புரட்டுவதா? தோசையைப் புரட்டலாம், ஏட்டைப் புரட்டலாம், நாறின மீன் வயிற்றைப் புரட்டும். ஆனால் வெறும் ‘புரட்டு’ என்றால் பித்தலாட்டம். வீட்டோடு சேர்த்துச் சொன்னாலோ, அதை அடகு வைத்துக் காசு புரட்டும் ஆளின் முகம்தான் நினைவுக்கு வருகிறது, லாபம் பார்த்தவர் முகம் அல்ல. அகராதியின் முதல் பொருளைப் பிடுங்கி ஒட்டிவிட்டு, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்க்காத மொழிபெயர்ப்பாளரை என்ன செய்வது!

‘கைமாற்றல்’ என்று ஒரு நண்பர் சொன்னார். கைமாற்று என்பது அடுத்த சம்பளத்துக்குத் தருவதாக வாங்கும் வட்டியில்லாக் கடன். அதுவும் ஆகாது.

இந்தத் தொழில் செய்பவர்களின் கணக்கைப் பாருங்கள். திருத்தியபின் 8 இலட்சம் டொலர் போகும் வீடு, திருத்த 1 இலட்சம் என்றால், எட்டில் 70 சதவீதமான 5.6 இலட்சத்தில் அந்தச் செலவைக் கழித்து 4.6 இலட்சத்துக்கு மேல் கொடுக்காதே என்பார்கள். வாங்க வரும் மற்றவர் எவ்வளவு எழுதினார் என்றே பெரும்பாலும் தெரியாமல் விலை எழுதிக் கொடுக்கும் ரொறன்ரோவில் அப்படியொரு வீடு அகப்படுவதுதான் பாடு. ஆக, இந்தத் தொழிலின் உயிர்நாடி திருத்தம். சைக்கிள் ‘திருத்தும்’ கடை யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? ‘திருத்தி விற்றல்’ என்றால் போதும். தேடுவது ‘திருத்தி விற்கத் தோதான வீடு’.

வரிச் சட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. கனடாவில் 2023 ஜனவரி 1 முதல், மரணம், மணமுறிவு போன்ற விலக்குகள் தவிர, வாங்கி 365 நாளுக்குள் வீட்டை விற்றால் லாபம் வணிக வருமானம். ஒரு ஆணிகூட அடித்திருக்க வேண்டியதில்லை. அங்கே ‘குறுங்கால மறுவிற்பனை’ என்று எழுதுங்கள்.

பிரசுரத்தின் மறுபக்கம் ‘சூடான சந்தை’ என்று தொடங்கியது. அதற்குள் மீன் வெட்டி முடிந்துவிட்டது.