பச்சை விளக்கு சொல்லாத சூடு

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம்தான் முதலில் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் முன்னால் ரேடியேற்றர் உண்டு. கொதித்தால் ஆவி பறக்கும். றோட்டில் போகிற சனம்கூடக் கண்டு கைகாட்டும். என்னிடம் இருப்பது 1967ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீட்டில். எஞ்சின் பின்னால். ரேடியேற்றரும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதற்குச் சூடேறினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வெப்பநிலை காட்டும் மீற்றரும் கிடையாது. ஒயில் அமுக்கத்துக்கு ஒரு பச்சை விளக்கு, டைனமோவுக்கு ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்று இதைச் சொல்வது பாதிதான் சரி. டைனமோவின் தண்டில் பூட்டிய விசிறி, பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பிளவுகளால் காற்றை இழுத்துச் சிலிண்டர்களின் செதில்கள்மேல் தள்ளுகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் கிராங்க் தண்டின் பெயாரிங்குகளுக்கும் அந்தக் காற்று எட்டாது. அங்கே பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுவருவது ஒயில். மொத்தமே இரண்டரை லீற்றர். அது விசிறிக் கூட்டுக்குள் நிற்கும் சிறிய கூலர் வழியாகப் போகும்போது சூட்டைக் காற்றிடம் கொடுக்கிறது. என்னுடைய காரில் கூலரைக் கடந்து சூடான அதே காற்றுத்தான் மூன்றாம் சிலிண்டருக்குப் போகிறது. அதனால் அது மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். 1971 மொடலில்தான் கூலரைச் சற்று ஒதுக்கி வைத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

ஒயில் எப்போது கூலருக்குப் போக வேண்டும் என்பதை ஒரு ஸ்பிரிங்கும் சிறிய உருளையும் தீர்மானிக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பொறி இது. காலையில் ஒயில் தடிப்பாக இருக்கும்போது அமுக்கம் கூடுதலாக இருக்கும். அந்த அமுக்கம் உருளையைக் கீழே தள்ள, கூலரைத் தவிர்த்துப் போகும் குறுக்குவழி திறக்கும். ஒயில் இளகியதும் ஸ்பிரிங் உருளையை மேலே ஏற்றி அந்த வழியை மூடிவிடும். உருளை கீழேயே இறுகி நின்றுவிட்டால், கூலர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எஞ்சின் சூடேறிக்கொண்டே இருக்கும்.

சூடு ஏன் ஆபத்து? பனம்பாணியை அடுப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆறிய பாணி கரண்டியை விட்டு இறங்காது. சூடானால் தண்ணீர்போல ஓடும். ஒயிலின் பிசுக்குமையும் அப்படித்தான். எஸ்.ஏ.ஈ. 30 என்ற தடிப்புத் தர ஒயில் 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் எட்டொன்பது மடங்கு இளக்கமாகிவிடும். இன்னும் ஏறினால், தண்டையும் பெயாரிங்கையும் பிரித்து வைக்கும் மெல்லிய ஒயில் படலம் கிழியத் தொடங்கும். இந்த எஞ்சினின் கூடு மக்னீசியக் கலப்புலோகம். சூட்டில் அது உருக்கைப்போல இரண்டு மடங்கு விரியும். எனவே ஒயில் இளகும் நேரத்திலேயே இடைவெளிகளும் அகலும். அமுக்கம் இரண்டு பக்கத்தாலும் விழுகிறது.

ஆனாலும் பச்சை விளக்கு எரியாது. அமுக்கம் அடிமட்டத்துக்கு வந்தால்தான் அது எரியும். வேகமாக ஓடும்போது பம்பும் வேகமாகச் சுற்றுவதால், 130 பாகை ஒயிலிலும் விளக்கை அணைத்து வைக்கப் போதிய அமுக்கம் இருக்கும். ஆனையிறவு வரை நெருக்கி ஓடி வந்து காரை நிறுத்தி, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விளக்கு மினுங்கினால், அந்தச் சூட்டிலேயே நெடுநேரம் ஓடியிருக்கிறோம் என்று அர்த்தம்.

அதனால்தான் ஒயிலின் சூட்டைக் காட்டும் மீற்றர் ஒன்று பூட்டினேன். உணரியின் உள்ளே இருப்பது ஒரு தேர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். ஒரே ஒரு வயர்தான் மீற்றருக்குப் போகும், மற்ற முனை எஞ்சினின் உடம்பு. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும். நான் தெரிந்தெடுத்தது, ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்குக்குப் பதிலாகச் செருகும் வகை. அது அடித்தட்டில் தேங்கும் ஒயிலை, அதாவது வேலை முடித்துச் சூட்டோடு திரும்பி வந்த ஒயிலை அளக்கிறது. ஒயில் மட்டம் குறைந்தால் அதன் நுனி ஒயிலைத் தொடாது, ஆகவே மட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

பூட்டி ஒரு மாதத்தில், சாவகச்சேரி தாண்டும்போது முள் 95இலிருந்து ஒரே பாய்ச்சலில் 150இல் போய் முட்டியது. பதறிப்போய் ஓரங்கட்டி, தெரிந்த மெக்கானிக் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "தம்பி, எஞ்சினைத் தொடாதை. முள் பாய்ஞ்சதெண்டால் வயர்தான்" என்றார். இரண்டரை லீற்றர் ஒயில் ஒரு நொடியில் 55 பாகை ஏறவே முடியாது. வயரின் உறை சூட்டில் உருகித் தகரத்தில் பட்டிருந்தது. தடை பூச்சியம், முள் உச்சியில். வயர் அறுந்திருந்தால் மறுபக்கம், முள் அடியில் கிடந்திருக்கும். இதைவிட மோசமானது உணரியின் எர்த், அதாவது அது எஞ்சினின் உடம்போடு தொடும் இடம், துருப்பிடிப்பது. கூடுதல் தடை சேர்ந்து முள் குறைவாகக் காட்டும், நாமும் நிம்மதியாக ஓடுவோம். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் மாதம் ஒருமுறை அந்த இடத்தைச் சுரண்டித் துடைக்கிறேன்.

80 முதல் 105 வரை நல்ல ஓட்டம். 120ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பேன். 80க்குக் கீழேயே தினமும் ஓடுவதும் நல்லதல்ல. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து டவுணுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒயில் சூடாகாது. அதில் சேரும் ஈரம் ஆவியாகாமல், ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்போல வெளுத்துப் படியும். வாரம் ஒருமுறையாவது காரை நீட்டி ஓட வேண்டும்.

வெளிக்காற்று பத்துப் பாகை ஏறினால் ஒயிலும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். அதனால் தை மாதக் காலையையும் சித்திரை மத்தியானத்தையும் ஒப்பிடக் கூடாது. ஒரு கொப்பியில் நேரம், றோட்டு, வேகம், முள் என்று எழுதி வந்தேன். சித்திரையில் பளைக்கு அருகே 70 கிலோமீற்றர் வேகத்தில் முள் 118. எஞ்சின் அறையின் ஓரத்து றப்பர் பல இடங்களில் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது; கீழேயிருந்து சைலன்சர் சூடு மேலேறி, விசிறி அதையே திரும்ப இழுத்திருக்கிறது. புது றப்பர் போட்டு மறுவாரம் அதே மத்தியானம், அதே வேகத்தில் போனேன். முள் 108இல் நின்றது.