கெண்டைக்கால் வலி, காய்ச்சல்: செம்மண் பாதையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

வியாழக்கிழமை மாலை, கிளினிக்கைச் சாத்தப்போகும் நேரத்தில் ஒரு தம்பி நொண்டிக்கொண்டே வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறவர். "டாக்டர், கெண்டைக்கால் பயங்கர வலி. போன வாரத்துக்கு முந்தின வாரம் கேமரன் மலையில ரிங்லெட் பக்கம் ஓட்டினேன், அதுதான்" என்றார். வீட்டில் அம்மா எண்ணெய் தேய்த்து உருவிவிட்டிருக்கிறார். பார்மசியில் வாங்கிய வலி மாத்திரையையும் மூன்று நாளாகப் போட்டிருக்கிறார். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

கெண்டைக்காலை லேசாக அழுத்தினேன். ஆள் துள்ளிவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "கொஞ்சமாத்தான் போகுது, தேத்தண்ணி கலர்ல" என்றார். உடனே கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கு வந்திருந்தது எலிக்காய்ச்சல், நம் பக்கம் எல்லாரும் 'கென்சிங் திக்குஸ்' என்று சொல்கிற நோய். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, பல நாள் வார்டில் இருந்து மீண்டுவந்தார்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சடக்கு, தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. முன்பு சைக்கிள்காரர்கள் இந்தத் தார்ச்சாலையோடு நின்றுவிடுவார்கள். கிராவல் சைக்கிள் வந்த பிறகு ஆசை தோட்டத்துக்குள்ளும் போய்விட்டது. சாலை சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, அதைவிட அகலமான டயர், சுமார் 40 மில்லிமீட்டர். கல், சரளை, செம்மண் எதிலும் போகும். மேலே தேயிலைச் சரிவுகள், கீழே செம்பனைக் காட்டுக்குள் லோரி ஓடும் மண் பாதைகள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டுப் போனால், காலை ஏழு மணிப் பனியில் தேயிலைக்கு நடுவே ஓட்டுவதைப் போன்ற சுகம் வேறில்லை. போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சைக்கிள் மிதித்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

ஆனால் மழை. பேராக்கின் இந்த உள்பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மதியத்துக்கு மேல் கொட்டித் தீர்க்கும். குலை ஏற்றிய லோரிகளின் சக்கரத்தடம் முழங்கால் ஆழத்துக்குக் குழியாகி, அதில் செம்மண் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், பழம் அதற்கு அவ்வளவு பிடிக்கும். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி கட்டி, கூகை வளர்க்கிறார்கள் என்றால் எலிகள் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வெளியேறும். மாடு, நாய், பன்றி இவற்றின் சிறுநீரிலும் வரலாம். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் சின்னக் கீறல், கண், மூக்கு, வாய், எதன் வழியாகவும் உள்ளே போகும்.

இனி சைக்கிளைப் பாருங்கள். இந்த வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் மட்கார்டு கிடையாது. முன்சக்கரம் எறிகிற சேறு நேராக முகத்துக்கும், சட்டத்தில் மாட்டியிருக்கும் தண்ணீர் போத்தலின் வாய்க்கும் வந்து விழுகிறது. தாகம் எடுத்ததும் போத்தலை உருவி, பல்லால் மூடியை இழுத்துக் குடிக்கிறோம். கண்ணில் பட்ட சேற்றைக் கையுறையாலேயே துடைத்துக்கொள்கிறோம். காலில் முள் கீறல் இல்லாமல் யாராவது தோட்டத்திலிருந்து வெளியே வந்திருக்கிறார்களா?

2000ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஒரு சாகசப் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டார்கள். காட்டு நடை, மலை சைக்கிள், ஆற்றில் நீச்சல் எல்லாம் அதில் உண்டு. முடிந்து ஊர் திரும்பிய பிறகு ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எல்லாரும் உடல் உறுதியான ஆட்கள். இன்னொரு சம்பவம், 2008இல் வேல்ஸ் நாட்டு மலை சைக்கிள் பந்தயம் ஒன்றில் நடந்தது. அங்கே வந்தது வேறு நோய், கேம்பைலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு. ஆட்டுப்புழுக்கை கலந்த சேறு வாய்க்குள் போனதுதான் வழி. ரிங்லெட் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் கோழி எரு போடுகிறார்கள், கோழி எச்சத்திலும் இதே கிருமி உண்டு. சேற்றை வாயில் விடக்கூடாது என்பதற்கு எலி மட்டுமே காரணம் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே கெண்டைக்கால் வலிக்காகத்தான். எலிக்காய்ச்சலில் தசை வலி கடுமையாக இருக்கும், கெண்டைக்காலிலும் இடுப்பிலும்தான் அதிகம். சைக்கிள் மிதிப்பவர் அதைக் களைப்பு என்றே நினைப்பார். மிதித்த வலி எப்படி இருக்கும்? மறுநாள் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர பெரும்பாலும் 5 முதல் 14 நாள் ஆகும், 2 நாளிலும் வரலாம், 30 நாளும் ஆகலாம். ஆகவே ஓட்டிப் பத்து நாள் கழித்துப் புதிதாக வருகிற கால் வலி, அதுவும் காய்ச்சலோடும் தலைவலியோடும் வந்தால், அது மிதித்த வலி இல்லை.

அந்த வலிக்கு மாத்திரை போடுவதில் எனக்குப் பெரிய பயம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். எலிக்காய்ச்சல் தாக்குவதும் அதே சிறுநீரகத்தை. காய்ச்சலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் கிடந்தால் மூன்று அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. அப்புறம், அது டிங்கியாக இருந்துவிட்டால் இதே மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் என்ன என்று தெரியும்வரை பாராசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு.

முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வரலாம், கிருமியை எதிர்க்க உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகவே நாளாகும். அதனால் சந்தேகம் வந்தாலே டாக்டர்கள் ஆன்டிபயோட்டிக் தொடங்குவார்கள், சீக்கிரம் தொடங்குவதே நல்லது. கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்கில் வரிசையில் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சேற்றில் ஓட்டுகிறீர்கள் என்றால் முன்சக்கரத்துக்கு ஒரு மட்கார்டு போட்டுவிடுங்கள், சின்னப் பிளாஸ்டிக் துண்டாக இருந்தாலும் போதும். போத்தலுக்கு வாயை மூடுகிற மூடி வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி. கீறல்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். லோங்காங் என்கிற சாக்கடையிலோ ஓடையிலோ காலைக் கழுவாதீர்கள், தோட்டத்து லயத்து வீட்டுப் பைப்பில் கேட்டால் யாரும் தண்ணீர் இல்லை என்று சொல்லமாட்டார்கள். வீட்டில் சைக்கிளைக் கழுவும்போதும் கையுறை போடுங்கள், குழாயை வேகமாகத் திறந்து சேற்றை முகத்தில் தெறிக்கவிடாதீர்கள். முன்னெச்சரிக்கையாக டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயோட்டிக் சாப்பிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நீண்ட பந்தயங்களுக்கு டாக்டர் யோசித்துக் கொடுப்பதுண்டு. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். அதே மாதத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் காய்ச்சலோடு வந்தார். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் கண் மஞ்சளாகத் திரும்பி வந்தார். வேலையிடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, காலில் பூட்ஸ் இருக்கிறதா என்று முதல் நாளே நான் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சைக்கிள்காரருக்குச் சேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவம், அதனால் நினைவில் நிற்கிறது. அண்ணனுக்கோ அது தினமும் மிதிக்கிற தரை, அதை டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? நல்லவேளை, அவரும் பிழைத்துக்கொண்டார். இப்போது காய்ச்சலோடு யார் வந்தாலும் காலைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்கிறேன்.

2010 டிசம்பரிலிருந்து மலேசியாவில் எலிக்காய்ச்சலை டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். தெரிவிப்பதற்கு முன்னால் சந்தேகம் வரவேண்டும், சந்தேகம் வர நீங்கள் சொல்லவேண்டும். அரசாங்கக் கிளினிக் கவுண்டரில் மலாயில் சொல்வதானால் இவ்வளவு போதும்: "சாயா அடா ரெடா லும்பூர்." சேற்றில் இறங்கினேன் என்று அர்த்தம். எந்தத் தேதி என்றும் கேட்பார்கள். ஓட்டிவிட்டு வந்த அன்றே வீட்டுக் காலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டுவையுங்கள், அதிலிருந்து முப்பது நாள் எண்ணவேண்டும்.