நான்கு கோடு தெரிகிறது, பேச்சு மட்டும் போய்ச் சேரவில்லை

கம்பியில்லாத் தகவல் தொடர்பில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து உறவினர் வீட்டு விசேஷங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்குள்ள சிக்னலே வர மாட்டேங்குது, ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டிடலாமா?" பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கித் தரும் பெட்டி, வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே, காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சென்னையின் புறநகர்ப் பகுதி ஒன்றில், இரவு ஏழு மணிக்கு மேல் அலைபேசியில் பேசவே முடிவதில்லை என்று பல மாதங்களாகப் புகார் இருந்தது. திரையில் நான்கு கோடுகள் நிறைந்திருக்கும். எதிர்முனையில் பேசுபவரின் குரலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் இவர் பேசுவது அங்கே போய்ச் சேராது. கோபுரம் பழுதென்று குடியிருப்போரும், கோபுரத்தில் பழுதே இல்லையென்று சேவை நிறுவனமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த நிறுவனத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் கோபுரத்தின் பதிவேட்டுத் தரவை என்னிடம் காட்டினார்.

அந்தத் தரவுக்குப் போவதற்கு முன், அலைபேசித் திரையில் தெரியும் கோடுகள் எதைச் சொல்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கோபுரத்திலிருந்து வரும் சமிக்ஞை நம் கருவியில் எவ்வளவு வலுவாக விழுகிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. நம்முடைய பதில் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. கோபுரம் பல பத்து வாட் திறனில் ஒலிபரப்புகிறது. நம் கையிலிருக்கும் 4ஜி கருவி அனுப்பக்கூடிய உச்ச அளவு பெரும்பாலும் 200 மில்லிவாட்தான். கோபுரம் மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறது, நாம் கடைசி வரிசையிலிருந்து முணுமுணுக்கிறோம். அந்த முணுமுணுப்பு காதில் விழ வேண்டுமானால் மண்டபம் அமைதியாக இருந்தாக வேண்டும்.

முழு அமைதி என்பது இயற்கையிலேயே கிடையாது. வெப்பம் உள்ள எந்த மின்கடத்தியும் ஓர் இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கும் என்பதை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்தும், நைக்விஸ்ட் என்ற பொறியாளர் கணக்கிட்டும் 1928-இல் வெளியிட்டார்கள். அறை வெப்பநிலையில் அதன் அளவு ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுத் திறனைச் சொல்லும் அளவு); மிக மிகச் சிறியது. கோபுரத்தின் ஏற்பி அதற்கு ஓரிரு டெசிபெல் (10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு) மேலே நின்றுதான் நம் குரலைப் பொறுக்கி எடுக்கிறது. பூஸ்டர் கைவைப்பது இந்த இடத்தில்தான்.

பூஸ்டர் இரு திசைகளிலும் பெருக்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கோபுரத்திலிருந்து வருவதைப் பெருக்கி வீட்டுக்குள் விடுவதுபோலவே, வீட்டிலிருந்து போவதையும் பெருக்கி மாடி ஆன்டெனா வழியாகக் கோபுரத்தை நோக்கி அனுப்புகிறது. வீட்டில் ஒருவருமே பேசாத நேரத்தில்கூட, மலிவான கருவி தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். வகுப்பில் நான் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 60 டெசிபெல், அதாவது பத்து லட்சம் மடங்கு பெருக்கும் ஒரு பெட்டி. 8 டெசிபெல் இரைச்சல் எண், அதாவது பெட்டி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு. மாடியில் 10 டெசிபெல் ஆதாயமுள்ள, அதாவது ஒரே திசையில் குவித்து அந்த அளவு வலுக்கூட்டும் ஆன்டெனா. அரை கிலோமீட்டர் தொலைவில் நேராகக் கண்ணுக்குத் தெரியும் கோபுரம், அதன் ஆன்டெனாவுக்கு 15 டெசிபெல் ஆதாயம். அதிர்வெண் 900 மெகாஹெர்ட்ஸ். இவற்றை வைத்துக் கணக்கிட்டால் கோபுரத்தின் இரைச்சல் தளம், அதாவது அதற்கு எப்போதும் கேட்கும் அடிமட்ட இரைச்சல், ஏறத்தாழ 6 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு அளவுக்கு உயர்கிறது. நகரத்தில் அலைகள் வழக்கமாகத் தேயும் வீதத்தில் பார்த்தால், அந்தக் கோபுரம் கேட்கக்கூடிய பரப்பு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஒரே ஒரு பெட்டியால் விளைவது இது.

இதைவிட மோசமானது, பெட்டி ஊளையிடத் தொடங்குவது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனால் 'கூய்' என்று ஒரு சத்தம் எழுமல்லவா, அதே இயற்பியல்தான் இங்கும். மாடி ஆன்டெனாவுக்கும் வீட்டுக்குள் இருக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான தடுப்பு, பெட்டியின் பெருக்கத்தைவிடக் குறைந்துவிட்டால், வெளியே போனதே உள்ளே திரும்பி வந்து மீண்டும் பெருக்கப்பட்டு, பெட்டி தன் முழுத் திறனில் அலறும். ஒரு கான்கிரீட் தளம் மட்டும் நடுவே இருந்தால் அந்தத் தடுப்பு போதவே போதாது.

மாணவர் காட்டிய தரவில் இருந்ததும் அதுதான். 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலைக்கற்றை 50 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் இரைச்சலும் தனித்தனியே பதிவாகும். எல்லாத் துண்டுகளும் சமமாக உயர்ந்தால் பெருக்கியின் இரைச்சல் என்றும், ஓரிரு துண்டுகள் மட்டும் குத்தூசிபோல் எழுந்து மெல்ல நகர்ந்தால் ஊளை என்றும் முதல் பார்வையிலேயே ஊகிக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது குத்தூசி. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சமிக்ஞை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் திசை ஆன்டெனாவையும் தூக்கிக்கொண்டு இரண்டு மாலைகள் தெருத்தெருவாக நடந்து, ஒரு தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்ற, ஒரே திசையை நோக்கும் யாகி வகை ஆன்டெனாவைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், இரவுப்பணி பார்க்கும் மகனுக்காக வாங்கிப் போட்டு, ஏழு மணிக்கு மேல் மட்டும் இயக்கிவந்திருக்கிறார். "நான் காசு குடுத்துதானே சார் வாங்கினேன், இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்று உண்மையாகவே வியந்து கேட்டார். அணைத்ததும் குத்தூசி மறைந்தது.

நஷ்டம் அண்டை வீட்டாருக்கு. கோபுரத்துக்குக் கேட்காதபோது அவர்களுடைய கருவிகள் தம் திறனைக் கூட்டிக்கொண்டே போகும். மின்கலம் சீக்கிரம் தீரும், கருவி சூடாகும். கோபுரக் கதிர்வீச்சுக்கு அஞ்சுபவர்கள், காதோடு ஒட்டியிருக்கும் கருவி தன் உச்சத்தில் இயங்குவதைப் பற்றி ஏனோ கேட்பதே இல்லை.

உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே இந்தியாவில் 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது. 2022 ஜூலையில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, உரிமம் பெற்ற சேவை நிறுவனங்கள் தவிர வேறு யாரும் பூஸ்டர்களை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று அறிவுறுத்தியது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்று சட்டப்படியானது ஆகிவிடாது.

அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பியது, அங்கே சட்டப்படி விற்கப்படுவது என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே 2013-இல் வந்த விதிகளின்படி, ஊளை எழுந்தால் கருவி தானாகவே அடங்க வேண்டும். சேவை நிறுவனத்திடமும் பதிவு செய்ய வேண்டும். அதோடு, அங்குள்ள அலைவரிசைப் பங்கீடே வேறு. அமெரிக்காவில் 1930 முதல் 1990 மெகாஹெர்ட்ஸ் வரை கோபுரம் பேசும் அலைவரிசை. இங்கே 1920 முதல் 1980 வரை அலைபேசிகள் பேசும் அலைவரிசை. திசையே தலைகீழ். இதே காரணத்தால், 1920 முதல் 1930 வரை இயங்கும் அமெரிக்கக் கார்ட்லெஸ் தொலைபேசியையும் பயணப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம்.

வீட்டுக்குள் சிக்னல் குறைவது உண்மையான சிக்கல்தான். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட சன்னல் கண்ணாடி மட்டுமே 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கிவிடும். வீட்டில் அகலப்பட்டை இணைப்பு இருந்தால், 2019 டிசம்பரிலிருந்து இந்தியாவில் கிடைக்கும் வைஃபை அழைப்பு வசதியை அமைப்புகளில் இயக்குவது முதல் வழி. ஓய்வுபெற்ற அந்தப் பெரியவரின் மகனுக்கும் அதுவே போதுமாயிற்று. பெரிய குடியிருப்பு வளாகமென்றால், கட்டடத்துக்குள் ஆன்டெனாக்களைப் பரப்பித் தரும்படி சேவை நிறுவனத்திடமே கேட்கலாம். அனுமதி பெற்ற ரிப்பீட்டரை (பூஸ்டர்போலச் சிக்னலைப் பெருக்கும் கருவி) பொருத்தும் உரிமையும் பொறுப்பும் அவர்களுடையவை.

புகார் எழுதும்போது 'சிக்னல் இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தளம், எந்தப் பக்க அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கோடுகள் நிறைந்திருந்தும் உங்கள் குரல் மட்டும் போய்ச் சேரவில்லையா, பக்கத்து வீட்டாருக்கும் அப்படியா என்பதை எழுதுங்கள். அந்த ஐந்து விவரங்கள் இருந்தால், பொறியாளர் கோபுரத்தின் ஒலிபரப்பை விட்டுவிட்டு, அது கேட்கும் பக்கத்துத் தரவை முதலில் திறந்து பார்ப்பார்.